குருதிப் பேயும் குழந்தை ஏடும்

நள்ளிரவு! நாய் ஊளையிடுகிறது, மண்மேடு அசைகிறது, சவப்பெட்டியின் மூடி மெல்லத் திறக்க, வெளுத்த கரமொன்று வெளியே நீள்கிறது... இப்படித் தொடங்குகிறது நூல். பன்னிரண்டு வயதுச் சிறுவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படிக்கிறான். படிக்கட்டும்! அச்சத்திலும் ஒரு சுவை உண்டு. அதனை மறுப்போர், தாமும் ஒரு காலத்தில் சிறுவராக இருந்ததையே மறந்தவர்கள். நாம் குறை கூறுவது நூலின் தொடக்கத்தை அன்று, அது முடியும் இடத்தை. நூறு பக்கம் மிரட்டிவிட்டு, கடைசிப் பக்கத்திலே ஆசிரியர் கண்ணைச் சிமிட்டுகிறார்: உண்டோ இல்லையோ, யார் அறிவார்?

யார் அறிவார்? அறிந்தவர் உண்டு. அறிந்து, ஆராய்ந்து, அரசாணையாகவும் பிறப்பித்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த அறிவைச் சிறுவன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துவிட்டு, ‘யார் அறிவார்?’ என்று கேட்பது அடக்கமன்று; ஏய்ப்பு.

வாம்பயர் என்று ஐரோப்பியர் அழைக்கும் குருதிப் பேயைப் பற்றி இளைஞருக்கென வெளிவரும் ஏடுகள் இருவகை. ஒன்று கதை. கதையைக் கதையென்றே சொல்லி விற்பது. அதனோடு நமக்கு வழக்கில்லை. மற்றொன்று கையேடு. வரலாறும் வரைபடமும் ஆண்டும் பெயரும் அடுக்கி, அறிவு நூல் போலவே உடுத்திக்கொண்டு வருவது. நம் வழக்கு இதனோடுதான். கதை நூலைப் படிப்பவன் காவலோடு படிக்கிறான். கையேட்டைப் படிப்பவன் நம்பிப் படிக்கிறான். நம்புகிறவனிடத்தில் பொறுப்பு அதிகம் அல்லவா?

அந்தக் கையேடு காட்டும் தொன்மைதான் எத்தகையது? கதிரவன் ஒளி பட்டால் குருதிப் பேய் அழிந்துபோகும், இது பண்டைய மக்களின் நம்பிக்கை என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பண்டைய நம்பிக்கையாம்! பிராம் ஸ்டோக்கர் 1897ஆம் ஆண்டு எழுதிய ‘டிராகுலா’வில் அந்தப் பிரபு பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான், அவன் ஆற்றல் குறைகிறதே தவிர அவன் சாகவில்லை. ஒளியில் அழியும் பேய் பிறந்தது 1922இல், ‘நோஸ்ஃபெராட்டு’ என்னும் ஜெர்மானியப் பேசாப்படத்தில். ஆக, அந்தத் ‘தொன்மை’ திரைப்படத்தைவிட இளையது! டிரான்சில்வேனியாவுக்குக் கையேடு வழிகாட்டுகிறது. ஸ்டோக்கரோ அந்நாட்டில் கால் வைத்ததே இல்லை. டிராகுலா என்னும் பெயரையே அவர் 1890இல் விட்பி நகர நூலகத்தில், வில்லியம் வில்கின்சன் என்பாரின் நூல் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டார். இவை சிறு பிழைகள், போகட்டும். பெரும்பிழை வேறிடத்தில் இருக்கிறது.

கையேடுகளின் தலையாய சான்று செர்பிய நாட்டு ஆவணங்கள். 1718ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் அந்நாட்டின் ஒரு பகுதி துருக்கியரிடமிருந்து ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு மாறிற்று. புதிய ஆட்சியின் அலுவலர்கள் சிற்றூர்களில் என்ன கண்டாலும் எழுதி வியன்னாவுக்கு அனுப்பினர். 1725இல் கிசிலியேவோ என்னும் ஊரில், பீட்டர் பிளகோயெவிச் என்னும் உழவன் இறந்த சில வாரங்களில், எட்டு நாட்களுக்குள் 9 பேர் மாண்டனர். இறந்தவன் இரவில் வந்து கழுத்தை நெரித்தான் என்று சாகுமுன் அவர்கள் கூறினராம். ஊரார் கல்லறையைத் தோண்டினர். உடல் அழுகவில்லை, மயிரும் நகமும் வளர்ந்திருந்தன, வாயிலே புதுக் குருதி! கூரிய கழியை நெஞ்சில் இறக்கினர், குருதி பெருகிற்று, உடலைக் கொளுத்தினர். ஃப்ரோம்பால்ட் என்னும் அலுவலர் உடனிருந்து பார்த்து இதனை எழுதினார்; வியன்னா நாளேடு அச்சிட்டது. எழுதியவர் இறுதியில் ஒன்று சேர்த்துக்கொண்டார்: இதில் தவறு ஏதும் நேர்ந்திருந்தால் அதற்குப் பொறுப்பு அச்சத்தால் நிலைகுலைந்த ஊர் மக்களே, தான் அல்ல என்று. அலுவலர்கள் எந்நாட்டிலும் எக்காலத்திலும் அலுவலர்கள்தாம்!

அடுத்தது மெட்வேஜா. வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்த ஆர்னால்ட் பவுலே என்பவனிலிருந்து தொடங்கிய பேச்சு, சில ஆண்டுகளுக்குப் பின், மூன்று மாதங்களில் 17 பேர் இறந்தபோது தீயாய் எழுந்தது. 1732 ஜனவரியில் ஃப்ளூக்கிங்கர் என்னும் படை மருத்துவர் கல்லறைகளைத் திறந்து, அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டார். அவ்வாண்டே ஐரோப்பா முழுதும் அந்த அறிக்கை பரவிற்று. ‘வாம்பயர்’ என்னும் சொல் ஆங்கில நாளேட்டில் இடம்பெற்றதும் அவ்வாண்டே.

மருத்துவரே கையொப்பமிட்டிருக்கிறார், இதற்கு மேல் சான்று வேண்டுமோ என்று கையேடு மார்தட்டுகிறது. வேண்டாம், அந்த மருத்துவர் கண்டதெல்லாம் மெய்யே என்று நாமும் ஒப்புக்கொள்வோம். கண்டது மெய், கொண்ட பொருள்தான் பொய். இறந்த உடலில் தோல் நீர்வற்றிச் சுருங்குகிறது. சுருங்கவே நகமும் தாடியும் நீண்டனபோல் தோன்றுகின்றன. மேல்தோல் கழன்று விழ, அடியில் சிவந்த தோல் தெரிகிறது. ஊரார் கண்ணுக்கு அது புதுத்தோல். குடலில் பெருகும் வாயு வயிற்றை உப்பச் செய்கிறது. நன்றாக உண்டு கொழுத்திருக்கிறான் என்கிறார்கள். அதே வாயு நுரையீரலை நெருக்க, கருஞ்சிவப்பான நீர் வாயிலும் மூக்கிலும் வழிகிறது. குடித்த குருதி என்கிறார்கள். கழியை இறக்கும்போது அந்த வாயு தொண்டை வழியே வெளியேறுகிறது. பேய் அலறிற்று என்கிறார்கள்! குளிர்மண்ணில் புதைந்த உடல் மெல்லவே அழியும் என்பதும், ஒரே கல்லறைத் தோட்டத்தில் ஓர் உடல் எலும்பாகவும் மற்றோர் உடல் உருமாறாமலும் இருக்கக்கூடும் என்பதும் இன்று எந்தப் பிணவறை ஊழியருக்கும் தெரியும்.

இத்தனையும் சொல்ல அரைப்பக்கம் போதும். சிறுவர்கள் முகஞ்சுளிப்பார்களா? சுளிக்கமாட்டார்கள், இன்னும் ஆவலோடு படிப்பார்கள். அழுகும் உடலைப் பற்றிய உண்மை, அழுகாத உடலைப் பற்றிய பொய்யைவிடச் சுவை குறைந்ததன்று. எனினும் அந்த அரைப்பக்கம் இல்லை. பூண்டு மாலைக்கு ஒரு பக்கம் உண்டு. சிலுவைக்கும் தீர்த்தத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. ‘தற்காப்பு முறைகள்’ என்று பட்டியலே உண்டு!

அந்த ஏடுகளில் காணாத பெயர் இன்னொன்று: ஜெரார்ட் வான் ஸ்வீட்டன். ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் மருத்துவர். 1755ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹெர்மர்ஸ்டார்ஃப் என்னும் ஊரில் ஒரு பெண்ணின் உடலைத் தோண்டியெடுத்துத் தலையைத் துணித்து எரித்தனர், குருதிப் பேய் என்று. செய்தி அரண்மனைக்கு எட்டிற்று. பேரரசி மருத்துவர்களை அனுப்பி ஆராயச் செய்தார். வான் ஸ்வீட்டன் அறிக்கை எழுதினார்: உடல் அழியாமைக்கு இயற்கைக் காரணங்கள் உண்டு, எஞ்சியது அறியாமையும் அச்சமுமே. அவ்வாண்டே ஆணை பிறந்தது. கல்லறையைத் தோண்டுவதும், கழி பாய்ச்சுவதும், தலையைத் துணிப்பதும், எரிப்பதும் கூடா. இத்தகைய செய்தி எழுந்தால் குருமார் தாமே முடிவு செய்தலாகாது, அரசு அலுவலரும் மருத்துவரும் ஆராயவேண்டும் என்பது அதன் சாரம். பேயின் மீதிருந்த அதிகாரம் பாதிரியார் கையிலிருந்து மருத்துவர் கைக்கு மாறிய நாள் அது! பேய்க்கதை வரலாற்றிலேயே இதனினும் விறுவிறுப்பான காட்சி வேறுண்டோ? 1725உம் 1732உம் கையேட்டில் ஏறுகின்றன, 1755 ஏறுவதில்லை. கேள்வியை அச்சிட்டு விடையைக் கிழித்தெறிவது எந்த ஊர் நேர்மை?

அமெரிக்க நாட்டு நிகழ்ச்சியொன்று நெஞ்சை உலுக்கும். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸிடர் என்பது ஒரு சிற்றூர். ஜார்ஜ் பிரௌன் என்னும் உழவரின் மனைவி 1883இல் காசநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு மூத்த மகள். சில ஆண்டுகளில் மகன் எட்வினுக்கு அதே நோய். நல்ல காற்றுக்காகக் கொலராடோவுக்குச் சென்று, குணம் காணாமல் திரும்பினான். இதனிடையே 1892 ஜனவரியில் 19 வயது மகள் மெர்சி இறந்தாள். இறந்தவருள் எவரோ உயிரோடிருப்பவனின் உயிரைக் குடிக்கிறார் என்றனர் அக்கம்பக்கத்தார். தந்தைக்கு நம்பிக்கையில்லை என்பர். ஊரார் வற்புறுத்தலுக்கு இணங்கினார். 1892 மார்ச் 17இல் மூன்று உடல்களையும் பார்த்தனர். தாயும் மூத்தவளும் எலும்பாய்ப் போயிருந்தனர். கடுங்குளிரில் இரண்டே மாதம் கிடந்த மெர்சியின் உடல் மட்டும் கெடவில்லை. நெஞ்சில் குருதி இருந்தது. உடனிருந்த மருத்துவர், இது இயற்கையே, நுரையீரலில் காசநோயின் தடயம் தெரிகிறது என்று எடுத்துரைத்தார். கேட்டாரில்லை. இதயத்தை எரித்துச் சாம்பலை நீரில் கலந்து, நோயுற்ற அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தனர். இரண்டு மாதத்தில் அவனும் இறந்தான்.

காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்ததை இராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. எக்ஸிடரில் சாம்பல் கரைத்தது 1892 மார்ச் 17. பத்தாண்டு! அறிவு பெர்லினில் பிறந்து பத்தாண்டு ஆகியும் எக்ஸிடர் வீட்டு வாசலை எட்டவில்லை. குற்றம் அந்த ஊராருடையதா? சாகும் பிள்ளையைக் காக்க ஏதேனும் செய்யவேண்டுமே என்று தவித்த தந்தையை நாம் நகைக்கமாட்டோம். ஒரே வீட்டில், ஒரே காற்றில், ஒருவர் பின் ஒருவராய் வெளுத்து, மெலிந்து, வாயில் குருதி கசிந்து மாண்டபோது, இறந்தவரே வந்து இருப்பவரை அழைக்கிறார் என்று அவர்கள் எண்ணினர். காரணத்தை நாடிய மனம்தான் அது. காரணம் சொல்லிக்கொடுப்பார் இல்லாத மனம். நகைப்புக்குரியவர், 1882ஐ அறிந்தும் இன்று சிறுவருக்கு அதனைச் சொல்லாமல், ‘அமெரிக்காவின் கடைசி வாம்பயர்’ என்று மெர்சியின் பெயரை விற்கும் ஏட்டாசிரியரே. அந்த ஏழைப்பெண் யார் குருதியையும் குடித்ததில்லை. அவள் குருதியைத்தான் கிருமி குடித்தது. அவள் கல்லறைக் கல்லை வேடிக்கை பார்க்க வருவோர் பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால், இப்போது இரும்புப் பட்டை போட்டுப் பிணைத்திருக்கிறார்கள்.

சிற்றூர்ப் பேய் சீமானான கதை தனி வேடிக்கை. செர்பியாவில் பேய் என்றால் உழவன், பக்கத்து வீட்டான், கிழிந்த சவத்துணியோடு வருபவன். 1819இல் பொலிடோரி என்னும் இளம் மருத்துவர் எழுதிய கதையில்தான் அது பிரபுவாகி, விருந்து மண்டபத்தில் நுழைந்தது. ஸ்டோக்கர் அதற்குக் கோட்டையும் நிலமும் கொடுத்தார். இலக்கிய நோக்கில் இது தாழ்வன்று; உயர்வே என்பேன். உழைப்பவன் உடலில் குருதி குறைவது எவரால் என்ற கேள்விக்கு, கோட்டையைச் சுட்டிக்காட்டுவது கல்லறையைச் சுட்டிக்காட்டுவதைவிட மேலல்லவா? பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் வால்டேர், இந்தப் பேய்ப் பேச்சை எள்ளி எழுதியபோது, பட்டப்பகலில் மக்கள் குருதியை உறிஞ்சும் வணிகரையும் தரகரையும் தாம் நகரங்களில் கண்டதாகவும், உண்மையாக உறிஞ்சுவோர் கல்லறையில் அல்ல, மாளிகையில் வாழ்வதாகவும் கூறினார். மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் அதே உவமையை எடுத்தாண்டார். இளைஞர் கையேடுகளில் பிரபுவின் கறுப்பு மேலங்கி பளபளக்கிறது. வால்டேர் மட்டும் வரக் காணோம்.

அப்படியானால் இந்த ஏடுகளைத் தடை செய்துவிடலாமே என்பார் சிலர். அதையும் செய்து பார்த்தார்கள், தோழர்களே! 1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கோர்பல்ஸ் என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில், நூற்றுக்கணக்கான சிறுவர்கள் கழியும் கத்தியும் ஏந்திக் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்தனர். ஏழடி உயரமும் இரும்புப் பற்களும் கொண்ட குருதிப் பேயொன்று இரண்டு சிறுவரைத் தின்றுவிட்டதாம். அதை வேட்டையாட வந்தார்களாம்! சுவருக்கு அப்பால் இரும்பாலையின் உலை வானத்தைச் செந்நிறமாக்கிக்கொண்டிருந்தது. காணாமற்போன சிறுவர் எவருமில்லை. அடுத்தடுத்த இரவுகளிலும் கூடினர். பழி யார்மேல் விழுந்தது? அமெரிக்கச் சித்திரக்கதை ஏடுகள்மேல். ஆசிரியர்களும் கிறித்துவ சபையினரும் பொதுவுடைமையாளரும், வேறெதிலும் ஒன்றுபடாதவர்கள், இதில் ஒன்றுபட்டனர். 1955இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சிறுவருக்குத் தீங்கான ஏடுகளைத் தடுக்கும் சட்டம் இயற்றிற்று.

பின்னர் ஆராய்ந்தோர், இரும்புப்பல் பேய் வரும் சித்திரக்கதை எதையும் காணவில்லை. கண்டது வேறு. இரும்புப்பல் கொண்ட பூச்சாண்டிக் கிழவியைப் பற்றிய பழம்பாட்டொன்று ஸ்காட்லாந்துப் பள்ளிப் பாடநூலில் இருந்தது. இரும்புப்பல் விலங்கொன்று விவிலியத்தின் தானியேல் ஆகமத்தில் இருந்தது! பாடநூலும் வேதநூலும் பயிர் செய்த பேய்க்குச் சித்திர ஏடு தண்டனை பெற்றது. அமெரிக்காவிலோ, 1954இல் சித்திர ஏட்டு முதலாளிகள் தாமே வகுத்த விதிகளில் வாம்பயருக்குத் தடை போட்டனர், 1971இல் தளர்த்தினர், 2011இல் அந்த விதித்தொகுப்பே கைவிடப்பட்டது. அவ்வளவு காலமும் பேய் பட்டினி கிடந்ததா? திரையரங்கில் நன்றாகவே தின்று கொழுத்தது. பூட்டிய அறையில் பேய் வளரும். அதற்குத் திறவுகோல் தடையன்று.

சிரிப்பு ஒருவகைத் திறவுகோல். 1979இல் ஜெர்மனியில் அங்கேலா சோமர்-போடன்பர்க் எழுதிய ‘குட்டி வாம்பயர்’, ஒரு பையனும் ஒரு பேய்ப்பையனும் நண்பராவதைச் சொல்கிறது. அதே ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘பன்னிக்குலா’வில் வரும் முயல் காய்கறிச் சாற்றை உறிஞ்சுகிறது, காலையில் தக்காளி வெளுத்துக் கிடக்கிறது! 1972 முதல் ‘செசமி ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சித் தொடரில் வரும் வாம்பயர்ப் பிரபு, குழந்தைகளுக்கு ஒன்று, இரண்டு எண்ணக் கற்பிக்கிறார். இவற்றைப் படைத்தவர்கள் எதையும் மெய்யென்று சாதிக்கவில்லை. வெளுத்த தக்காளியைப் பார்த்துச் சிரித்த குழந்தை, இருட்டைக் கண்டு நடுங்குவது சற்றுக் குறையும். அறிவு நூலென்று வேடமிட்ட கையேட்டைவிட, பொய்யென்று ஒப்புக்கொண்ட இந்த முயல் நூறு மடங்கு நேர்மையுடையது என்பது நம் முடிபு.

நம் நாட்டிலிருந்து இந்தப் பேய்க்கூட்டத்தில் ஒன்றை வலிந்து சேர்த்தவர் ரிச்சர்ட் பர்ட்டன். 1870இல் அவர் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது ‘விக்கிரமனும் வாம்பயரும்’ என்று பெயரிட்டார். இன்றும் மேனாட்டுக் கையேடுகளில் ‘இந்திய வாம்பயர்’ என்று நம் வேதாளம் தொங்குகிறது. முருங்கை மரத்தில் தொங்கும் அது எந்தக் கழுத்தையும் கடிப்பதில்லை. கதை சொல்கிறது, சொல்லி முடித்துக் கேள்வி கேட்கிறது, தெரிந்தும் விடை சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும் என்கிறது. அக்கதைகளின் தீர்ப்புகளில் வருணப்பற்று மண்டிக்கிடப்பதை நாம் அறிவோம். ஆயினும் கேள்வி கேட்கும் பேய்! ‘அம்புலிமாமா’வில் அதனைப் படித்து வளர்ந்த தலைமுறைகள் கேள்விக்காகவே அடுத்த இதழுக்குக் காத்திருந்தன.

தமிழில் வாம்பயருக்கு ‘இரத்தக் காட்டேரி’ என்று பெயர் வழங்கிவிட்டது. இதுவும் ஆராயத்தக்கது. காட்டேரி நம் சிற்றூர்களில் எளிய மக்கள் அஞ்சியும் வணங்கியும் வரும் பெண்ணுரு. காட்டேரியைக் கும்பிடுங்கள் என்று நாம் சொல்லப்போவதில்லை! ஆனால் கோட்டையில் வாழும் வெள்ளைப் பிரபுவின் கொடுமைக்குச் சேரியோரத்துப் பெண்ணின் பெயர் எதற்கு? சொல்லை மாற்றும்போது பழியும் இடம் மாறுகிறது. மொழிபெயர்ப்போர் ‘வாம்பயர்’ என்றே எழுதலாம், தமிழுக்கு இழுக்கில்லை.

இதெல்லாம் பழங்கதை, இன்று யார் கல்லறையைத் தோண்டுகிறார்கள் என்று கேட்பதற்கும் இடமில்லை. 2004இல் ருமேனியாவின் மரோட்டினு டெ சுஸ் என்னும் ஊரில், இறந்த ஒருவரின் இதயத்தை எரித்துச் சாம்பலை நீரில் கரைத்து உறவினர் குடித்தனர். எக்ஸிடரின் அதே மருந்து! 2017இல் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், குருதி உறிஞ்சுவோர் திரிகின்றனர் என்ற வதந்தியால் கும்பல்கள் பலரை அடித்துக் கொன்றன, ஐ.நா. நிறுவனம் தன் ஊழியரை அவ்வட்டாரத்திலிருந்து விலக்கிக்கொள்ள நேர்ந்தது. கொன்ற கும்பலுக்கும், ‘யார் அறிவார்?’ என்று கண்சிமிட்டும் ஏட்டுக்கும் இடையே தூரம் அதிகம்தான். ஆனால் இரண்டும் ஒரே சாலையில் இருக்கின்றன.

இந்தக் கையேடுகளுள் ஒன்றைத் தமிழில் தர விழையும் பதிப்பாளர் எவரேனும் இருந்தால், ஓர் அத்தியாயம் கூடுதலாக எழுதச் சொல்வோம். அதற்குச் செய்தி தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளியை வீட்டில் வைத்து மருந்து கொடுப்பதா, சானடோரியத்தில் பிரித்து வைப்பதா என்பது கேள்வி. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஓராண்டு ஒரே மருந்து கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் நெருக்கமான குடியிருப்பில், குறைந்த உணவில், வேலைச் சுமையோடு இருந்தனர். ஆயினும் சானடோரியத்தாருக்கு ஏறத்தாழ இணையாகவே குணமடைந்தனர். 1959இல் அந்த முடிவு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பத்தாரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, சானடோரியத்துக்குச் சென்றோரின் குடும்பத்தாரைவிட இவர்களுக்கு நோய் மிகுதியாக வரவில்லை என்பதும் தெரிந்தது. மருந்துண்டவரின் மூச்சு வீட்டாருக்கு எமனாகவில்லை. ஜார்ஜ் பிரௌன் வீட்டில் எவரும் விடை சொல்லாத கேள்விக்கு, சேத்துப்பட்டில் விடை எழுதப்பட்டது.